‘இன் தி ஏரோபிளேன் ஓவர் தி சீ’: ரசிகர்களை இரண்டாகப் பிரிக்கும் ஆல்பம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்த ஆல்பம்? கேள்விப்படாதவர்களுக்கு ஓர் அறிமுகம் தர முடியுமா?

நியூட்ரல் மில்க் ஹோட்டல் என்ற அமெரிக்க இசைக்குழுவின் இரண்டாவது ஆல்பம் இது. 1998 பிப்ரவரி 10 அன்று மெர்ஜ் ரெக்கார்ட்ஸ் வெளியிட்டது. சூப்பர்சங்க் குழுவின் இரண்டு இசைக்கலைஞர்கள் 1989இல் வட கரோலினாவின் சேப்பல் ஹில் ஊரில் தொடங்கிய சிறு நிறுவனம் அது. பெரிய கம்பெனிகளின் பணமும் விளம்பரமும் வானொலிச் செல்வாக்கும் இல்லாமல் இப்படி வெளிவந்த ராக் இசையைத்தான் ‘இண்டி ராக்’ என்று சொல்லத் தொடங்கினார்கள்.

மொத்தம் 11 பாடல்கள், ஏறக்குறைய 40 நிமிடம். எழுதியவர், பாடியவர், கிட்டார் வாசித்தவர் ஜெஃப் மேங்கம். லூசியானா மாநிலத்தின் ரஸ்டன் என்ற சிற்றூரில் பள்ளி நாட்களிலேயே ஒன்றுசேர்ந்த நண்பர்கள், பின்னாளில் ‘எலிஃபன்ட் 6’ என்று பெயரிட்டுக்கொண்டு ஒருவர் ஆல்பத்தில் மற்றவர் வாசித்து வளர்ந்தார்கள். அந்தக் கூட்டத்தில் பிறந்த குழுக்களில் ஒன்று இது.

பாடகர் சுருதி தப்பித்தானே பாடுகிறார்? இதை எப்படிச் சிறந்த பாட்டு என்கிறீர்கள்?

ஆம், பல இடங்களில் தப்புகிறார். மேங்கமின் குரல் நீட்டிப் பிடிக்கும் இடங்களில் உடைகிறது, உச்சத்தில் கத்தலாகிறது, சில சொற்கள் மூக்கிலிருந்து வருகின்றன. இதை ரசிக்க முடியவில்லை என்பவரிடம் ‘உங்களுக்குக் காது போதாது’ என்று சொல்லும் ரசிகர்கள் மீது எனக்கு வருத்தம் உண்டு. அவர்களுடைய காது சரியாகத்தான் கேட்கிறது. பிடித்தவரும் பிடிக்காதவரும் கேட்பது ஒரே குரல்தான். இப்படி ஒரு வளர்ந்த மனிதர் எல்லோர் முன்னாலும் தன் ஏக்கத்தைக் கொட்டலாமா என்பதில்தான் பிரிகிறார்கள்.

1990களின் அமெரிக்க இண்டி இசையில் பெரும்பகுதி உணர்ச்சியைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பாடியது. தோளைக் குலுக்கிவிட்டுப் பாடுவதே அழகு என்றிருந்த காலம். அதன் நடுவே ஒருவர் எந்த மறைப்பும் இல்லாமல் தொண்டை கிழியப் பாடினால் சிலருக்குக் கண்ணீர் வரும். சிலருக்குக் கூச்சம் வரும். இந்த ஆல்பத்தைப் பற்றிய வாதங்களில் பாதிக்கு மேல், அடியில் தோண்டிப் பார்த்தால், இந்தக் கூச்சத்தைப் பற்றிய வாதம்தான்.

என் நிலை இது. ஒப்பாரி வைப்பவரிடம் சுருதி சுத்தத்தை யாரும் கேட்பதில்லை. குரல் உடையும் இடத்தில்தான் கூடியிருப்பவர்களும் உடைகிறார்கள். மேங்கமின் குரலை நான் அப்படித்தான் கேட்கிறேன். ஆனால் கச்சேரி கேட்கப் போனவர் ஒப்பாரி கேட்க நேர்ந்தால் எழுந்து போக நினைப்பதில் தவறில்லை.

ஒலிப்பதிவு ஏன் இவ்வளவு கரகரப்பாக இருக்கிறது? பணம் இல்லாததாலா?

பணம் குறைவுதான், ஆனால் கரகரப்புக்குக் காரணம் அது அல்ல. 1997 கோடையில் கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில், பெட் சவுண்ட்ஸ் என்ற சிறு ஸ்டூடியோவில் இது பதிவானது. தயாரித்தவர் ராபர்ட் ஷ்னைடர். மேங்கமின் சிறுவயது நண்பர், ஆப்பிள்ஸ் இன் ஸ்டீரியோ குழுவின் தலைவர். அக்கூஸ்டிக் கிட்டாரை ஒலிவாங்கிக்கு மிக அருகில் வைத்து, பதிவுக் கருவி தாங்கும் அளவைத் தாண்டி ஒலியை ஏற்றிப் பதிவு செய்தார்கள். அதனால்தான் ஒற்றைக் கிட்டாரே ஓர் இயந்திரம்போல் உறுமுகிறது. டிரம்ஸ், ட்ரம்பெட், ட்ராம்போன், அக்கார்டியன், ஆர்கன் எல்லாம் அதன் மேல் ஏறும்போது காதில் அடைசல் உண்டாவது உண்மை. எனக்கு அந்த அடைசல் பிடித்திருக்கிறது: ஒரு சின்ன அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச முயல்வதுபோல் இருக்கிறது. மலிவான காதொலிப்பானில் கேட்டு இரைச்சல் என்று ஒதுக்கியவர்கள் நல்ல ஒலிபெருக்கியில், நடுத்தரச் சத்தத்தில் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம். அப்போதும் இரைச்சலாக இருந்தால் அது உங்கள் தீர்ப்பு.

ஷ்னைடரைப் பற்றி ஒரு செய்தி நம் வாசகர்களுக்காக. அவர் பிற்காலத்தில் கணிதம் படித்து எமரி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். வழிகாட்டி, ராமானுஜனின் கணிதத்தில் ஆழ்ந்த கென் ஓனோ. ஆய்வுத் துறையோ, ஒரு முழு எண்ணை எத்தனை விதமாகக் கூட்டல் வடிவில் பிரித்து எழுதலாம் என்பது. கும்பகோணத்தில் வளர்ந்தவர் தன் முத்திரையைப் பதித்த அதே துறை. இந்த ஆல்பத்தை ஒலிப்பதிவு செய்த கைகள் அங்கே போய்ச் சேர்ந்தன என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி தருகிறது.

பின்னணியில் பெண் குரல்போல நடுங்கி இழைவது என்ன?

ரம்பம். மரம் அறுக்கும் ரம்பத்தை வளைத்துப் பிடித்து, வயலின் வில்லால் அதன் முதுகை இழைத்து வாசிக்கிறார் ஜூலியன் கோஸ்டர். தலைப்புப் பாடலில் அது தெளிவாகக் கேட்கும்.

இந்த ஆல்பம் உண்மையிலேயே ஆன் ஃபிராங்கைப் பற்றியதா?

முழுவதும் அல்ல. ஆனால் அவரை நீக்கிவிட்டால் ஆல்பத்தின் முதுகெலும்பு போய்விடும்.

ஆம்ஸ்டர்டாமில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் பின்பகுதியில், 1942 ஜூலை முதல் 1944 ஆகஸ்டு 4 அன்று பிடிபடும்வரை நாஜிகளிடமிருந்து குடும்பத்தோடு மறைந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க். 1945இன் தொடக்கத்தில், அக்காள் மார்கோட்டும் அவரும் பெர்கன்-பெல்சன் முகாமில் இறந்தார்கள். அப்போது ஆனுக்கு 15 வயது. ஏப்ரல் 15 அன்று பிரிட்டிஷ் படை அந்த முகாமை மீட்டது. இன்னும் சில வாரங்கள் தாண்டியிருந்தால் பிழைத்திருக்கக்கூடிய உயிர்கள்.

ஆன் மறைந்து வாழ்ந்தபோது எழுதிய நாட்குறிப்பை மேங்கம் தன் இருபதுகளில்தான் முதன்முதலாகப் படித்தார். படித்து முடித்துவிட்டுச் சில நாட்கள் அழுதுகொண்டே இருந்ததாகப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். காலத்தில் பின்னோக்கிப் போய் அவரைக் காப்பாற்றுவதாகக் கனவுகள் வந்தன என்றும் சொன்னார். அந்த ஆசை ‘ஓ கம்லி’ பாடலில் நேரடியாகவே வருகிறது: ஏதோ ஒரு கால இயந்திரத்தில் ஏறிப் போய் அவரைக் காப்பாற்ற முடிந்தால் என்று. ‘ஹாலண்ட், 1945’ பாடலில் பெயர் சொல்லாமல் அவருடைய இறப்பு வருகிறது, அக்காள் மட்டும் அருகில் இருக்கிறாள். ஆண்டே பாடலின் தலைப்பில் இருக்கிறது.

மற்றவை வேறு வகை. முதல் பாடலில், தாயும் தந்தையும் வன்மத்தோடு மோதிக்கொள்ளும் வீட்டில் இரண்டு சிறுவர்கள் ஒருவரையொருவர் அடைக்கலமாகக் கொள்கிறார்கள். ‘டூ-ஹெடட் பாய்’ பாடலில் கண்ணாடிக் குடுவைக்குள் அடைபட்ட இரட்டைத் தலைச் சிறுவன். இவற்றை ஆன் ஃபிராங்கின் வாழ்க்கையோடு வரிக்கு வரி பொருத்திப் பார்க்கும் விளக்கங்கள் நிறைய உண்டு; எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. அடைபட்ட பிள்ளைகள், காப்பாற்ற வழியில்லாமல் வெளியே நிற்கும் ஒருவர் என்ற ஒரே வேதனை திரும்பத் திரும்ப வேறு உருவங்களில் வருகிறது. அவ்வளவு பொருத்தம் போதும் என்று நினைக்கிறேன்.

இறந்துபோன ஒரு சிறுமியைப் பற்றி இப்படிப் பாட அவருக்கு என்ன உரிமை?

எதிர்த்தரப்பின் வாதங்களில் எனக்கு மிகக் கனமானதாகப் படுவது இது. இதற்கு முழுமையான பதில் யாரிடமும் இல்லை.

வாதம் இதுதான்: ஆன் ஃபிராங்க் ஓர் உண்மையான மனுஷி, இனப்படுகொலையில் கொல்லப்பட்டவர். அவருடைய துயரத்தோடு எந்த உறவும் இல்லாத, அரை நூற்றாண்டு கழித்து வந்த ஓர் அமெரிக்க இளைஞர் அவரைத் தன் ஏக்கத்தின் பொருளாக்கிக்கொள்கிறார். போதாததற்கு ஆல்பம் முழுவதும் உடலும் காமமும் பற்றிய படிமங்கள் இறைந்து கிடக்கின்றன. அவற்றின் பக்கத்திலேயே அந்தச் சிறுமியின் நினைவும் வருவது சிலருக்கு அருவருப்பாக இருக்கிறது. அப்படிச் சொன்ன ஒரு தோழியோடு நான் ஒரு மாலை முழுவதும் வாதிட்டிருக்கிறேன். அவர் கடைசிவரை மாறவில்லை; நான் கொஞ்சம் மாறினேன்.

மாறாமல் நிற்கும் என் பதில்: ஆன் தன் எழுத்தைப் பிறர் படிக்க வேண்டும் என்று விரும்பியவர். 1944 வசந்தத்தில், போர்க்கால நாட்குறிப்புகள் பிற்பாடு சேகரிக்கப்படும் என்று வானொலியில் கேட்டதும், தன் நாட்குறிப்பைப் புத்தகமாக்கும் எண்ணத்தோடு உட்கார்ந்து திருத்தி எழுதினார். எழுத்தாளராக வேண்டும், இறந்த பிறகும் வாழ வேண்டும் என்று எழுதியவர் அவர். அந்த எழுத்தைப் படித்து ஒருவர் நிலைகுலைந்து போனால், அது ஆன் கேட்டதற்குக் கிடைத்த ஒரு பதில். மேங்கம் அவருடைய குரலில் பேசவில்லை, அவருடைய துன்பத்தைத் தனதென்று சொல்லவில்லை. தாமதமாக வந்துவிட்டேனே என்று புலம்புகிறார். வாசகரின் துக்கம் அது.

நான் மாறிய இடம்: வாசகரின் துக்கம், அழுகிற வாசகரையே நடுவில் உட்கார வைத்துவிடும் ஆபத்து உண்டு. இந்த ஆல்பம் சில இடங்களில் அந்த ஆபத்துக்குள் விழுகிறது. ‘கம்யூனிஸ்ட் டாட்டர்’ பாடலில் விழுகிறது என்று இன்று ஒப்புக்கொள்கிறேன். ‘ஹாலண்ட், 1945’இல் விழவில்லை. அங்கே டிரம்ஸும் ட்ரம்பெட்டும் ஏறக்குறைய கொண்டாட்டமாகப் பொங்குகின்றன. சொற்கள் புதைகுழியில் நிற்கின்றன. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கும்போது பாடகரைப் பற்றிய நினைவே எனக்கு வருவதில்லை.

இரண்டாவது பாடலில் திடீரென்று இயேசுவின் மீது அன்பு என்று கூவுகிறாரே! இது பக்தி ஆல்பமா?

நிறையப் பேர் ஆல்பத்தை நிறுத்திவிடும் இடம் இது. முதல்முறை கேட்டபோது நானும் இங்கேதான் நிறுத்தினேன். மதநம்பிக்கை இல்லாதவர்கள் இதைக் கிண்டல் என்று எடுத்துக்கொள்ள முயல்கிறார்கள். நம்பிக்கை உள்ளவர்களில் சிலருக்கு மற்ற பாடல்களின் படிமங்களோடு இது சேர்வது பொறுக்கவில்லை.

மேங்கமே ஆல்பத்தின் உள்ளட்டையில் இதற்குப் பதில் எழுதியிருக்கிறார். இந்த வரி பலரைக் குழப்புகிறது என்பதால் சொல்கிறேன், பாடுவதை மனதாரத்தான் பாடுகிறேன் என்கிறார். கூடவே, ஆல்பத்தில் வரும் ‘முடிவின்மை’ எந்த மதத்தையும் சார்ந்ததல்ல, எல்லாப் பொருள்களுக்குள்ளும் ஒரு வெள்ளொளி இருப்பதாக நம்புகிறேன் என்கிறார். எனவே கிண்டல் என்ற விளக்கம் நிற்காது. பக்தி ஆல்பம் என்ற விளக்கமும் முழுமையாக நிற்காது. மனதாரச் சொல்லப்பட்ட ஒரு வரியை மனதாரச் சொல்லப்பட்டதாகவே ஏற்றுக்கொண்டு கேட்பது கடினம்தான், ஆனால் அப்படிக் கேட்டால்தான் அடுத்த நிமிடத்தில் அந்தப் பாடல் வெடித்து ஓடுவது புரிகிறது.

வரிகளுக்குப் பொருள் இருக்கிறதா, வெறும் சொல்லடுக்கா?

இரண்டும் இருக்கிறது. மேங்கம் மெட்டோடு சேர்த்துச் சொற்களைத் தானாக வரவிட்டு எழுதுபவர். சில வரிகள் ஒலிக்காகவே அங்கே இருக்கின்றன. ஒவ்வொரு வரிக்கும் உரை எழுத முனைவது வீண் வேலை. ஆங்கிலம் முழுமையாகப் பிடிபடாவிட்டால் கவலைப்பட வேண்டாம். முதல் சில முறை சொற்களை விட்டுவிட்டுக் குரலையும் ஊதுகருவிகளையும் பின்தொடருங்கள்.

வெளிவந்தபோது விமர்சகர்கள் என்ன சொன்னார்கள்?

இன்று நினைப்பதுபோல் எல்லோரும் காலில் விழவில்லை. நல்ல மதிப்புரைகள் வந்தன. ரோலிங் ஸ்டோன் இதழ் 5க்கு 3 நட்சத்திரம்தான் தந்தது. ஆல்பத்தின் நாட்டார் இசைத் தன்மையில் மயங்காதவர்களுக்கு இது இரத்தமில்லாத பகற்கனவு என்ற தொனியில் எழுதியது. பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சன இணையதளம் 1998இல் 10க்கு 8.7 கொடுத்தது. அதே பிட்ச்ஃபோர்க், 2003இல் வெளியிட்ட 1990களின் சிறந்த ஆல்பங்கள் பட்டியலில் இதை 4ஆம் இடத்தில் வைத்தது. 2005இல் மறுவெளியீடு வந்தபோது 10க்கு 10 கொடுத்தது.

மெர்ஜ் நிறுவனம் முதலில் அச்சிட்டது 5,500 சிடிக்களும் 1,600 வினைல் இசைத்தட்டுகளும்தான். பத்தாண்டு கழித்து, 2008இல், அமெரிக்காவில் மிக அதிகம் விற்ற இசைத்தட்டுகளின் வரிசையில் 6ஆம் இடத்தில் இந்த ஆல்பம் இருந்தது. கைமாறிக் கைமாறிச் சேர்ந்த கூட்டம் அது.

பாடகர் காணாமல் போனதால்தான் இந்தப் புகழ் என்கிறார்களே?

இதில் ஓரளவு உண்மை உண்டு, மறைக்கத் தேவையில்லை. ஆல்பம் வெளிவந்து நாடு நாடாகச் சுற்றி வாசித்த பிறகு, புகழ் தேடி வந்த நேரத்தில், மேங்கம் ஒதுங்கிக்கொண்டார். மூன்றாவது ஆல்பம் இன்றுவரை வரவில்லை. நடுவில் பல்கேரியாவின் கோப்ரிவ்ஷ்டித்சா ஊரில் நடக்கும் நாட்டார் இசை விழாவுக்குப் போய் 2000இல் அவர் செய்த ஒலிப்பதிவுகள் 2001இல் வெளிவந்தன. தன் பாட்டைப் பாடாமல் பிறர் பாட்டைக் கேட்கப் போயிருக்கிறார். 2011இல் நியூயார்க்கின் சுகாட்டி பூங்காவில் வால் ஸ்ட்ரீட் எதிர்ப்புப் போராட்டக்காரர்கள் முன் கிட்டாரோடு தோன்றிப் பாடினார். 2013 முதல் 2015 வரை பழைய குழு மீண்டும் சேர்ந்து மேடையேறியது. நிழற்படம் எடுக்க வேண்டாம் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார்கள்.

அந்த மௌன ஆண்டுகளில் ஆல்பத்தைச் சுற்றி ஒரு புராணம் எழுந்தது. அவர் மனம் உடைந்துவிட்டார், துறவியாகிவிட்டார் என்று ஆளுக்கொரு கதை. இந்தக் கதைகள் இசைக்குத் தீங்கு செய்தன என்பது என் உறுதியான எண்ணம். முதன்முறை கேட்பவர், அழ வேண்டும் என்ற கட்டாயத்தோடு உட்கார்கிறார். அழுகை வராவிட்டால் ஏமாற்றப்பட்டதாக உணர்கிறார். ‘அளவுக்கு மீறிப் புகழப்பட்டது’ என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் இந்தக் கட்டாயத்தைத்தான் எதிர்க்கிறார்கள் என்று நினைக்கிறேன். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால், பாடகர் தொடர்ந்து பத்து ஆல்பங்கள் செய்திருந்தாலும் ‘டூ-ஹெடட் பாய்’ பாடலில் தனிக் கிட்டாரும் குரலும் மூச்சுவிடாமல் ஓடி, அப்படியே ‘தி ஃபூல்’ இசைத் துண்டின் தள்ளாடும் ஊர்வலத்துக்குள் நுழையும் அந்த இடம் இதே இடமாகத்தான் இருந்திருக்கும்.

எட்டு நிமிடப் பாடல் ஒன்று இருக்கிறதே, அது தேவையா?

‘ஓ கம்லி’யைத்தான் கேட்கிறீர்கள். 8 நிமிடத்துக்கும் மேல், பெரும்பகுதி ஒற்றைக் கிட்டாரும் குரலும். நீளம் பிடிக்காதவர்கள் சொல்லும் குறை: மெட்டு மாறுவதில்லை, பாதியில் சலிப்புத் தட்டுகிறது. சலிப்பு தட்டும்தான். ஸ்டூடியோவில் ஒலி அளவைச் சரிபார்க்கச் சும்மா கொஞ்சம் பாடச் சொன்னார்களாம். மேங்கம் நிறுத்தாமல் முழுப் பாடலையும் ஒரே எடுப்பில் பாடி முடித்துவிட்டார். ஊதுகருவிகள் பிறகு சேர்ந்தவை. பாடல் முடியும் கணத்தில் தூரத்தில் ஒருவர் வியப்பில் கத்துவது பதிவில் அப்படியே இருக்கிறது. குழுவில் ட்ரம்பெட்டும் ட்ராம்போனும் வாசித்த ஸ்காட் ஸ்பிலேனின் குரல் அது. பக்கத்து அறையில் இருந்தவரையே உலுக்கிய பாட்டு. அதை வெட்டிக் குறுக்கியிருந்தால் அந்தக் கத்தல் கிடைத்திருக்காது.

எனக்குப் பிடிக்கவே இல்லை. இன்னும் எத்தனை முறை கேட்க வேண்டும்?

இரண்டு முறை போதும், அதுவும் சில மாத இடைவெளியில். எனக்கு இரண்டாவது முறை ஒரு நீண்ட இரவுப் பஸ் பயணத்தில், முழு ஆல்பத்தையும் நிறுத்தாமல் கேட்டபோது வாய்த்தது. கடைசிப் பாடல் முடிந்ததும் மேங்கம் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நடந்து போகும் ஓசை கேட்கும். அதைக் கேட்டபோது பஸ்ஸில் யாரோ இறங்கிப் போகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். உங்களுக்கு வாய்க்காவிட்டால் விட்டுவிடுங்கள். பிடிக்காத ஆல்பத்தோடு மல்லுக்கட்டும் நேரத்தில் பிடித்த இன்னொன்றைக் கேட்கலாம்.

பிடித்துவிட்டது. அடுத்து என்ன கேட்பது?

1996இல் வந்த இவர்களுடைய முதல் ஆல்பம் ‘ஆன் ஏவரி ஐலண்ட்’. இன்னும் கரடுமுரடானது, ஊதுகருவிகளின் பெருக்கை அதில் எதிர்பார்க்க வேண்டாம். அதன் கடைசித் துண்டு நீண்ட ரீங்காரம் மட்டுமே, பொறுமை வேண்டும். பிறகு, அதே மெர்ஜ் நிறுவனத்தில் 2004இல் வந்த ஆர்கேட் ஃபயர் குழுவின் ‘ஃபியூனரல்’. ஒரு கூட்டமே சேர்ந்து துக்கத்தை உரக்கப் பாடும் துணிச்சல் அதிலும் இருக்கிறது, ஒலி மட்டும் இன்னும் தெளிவு. ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பை இதுவரை படிக்காதவராக இருந்தால், இவை இரண்டையும் தள்ளி வைத்துவிட்டு முதலில் அதைப் படியுங்கள்.